நிலத்தில் முதலீடு: விலைக்கு முன்னால் வரும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சேமிப்பை மனையாகவோ அடுக்குமாடி வீடாகவோ மாற்றிவைக்க விரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அந்த இடத்தின் விலை சில ஆண்டுகளில் எவ்வளவு ஏறும் என்பதாகும். விற்பவருக்கு அதை விற்கும் உரிமை முழுமையாக உண்டா, வாங்கும்போதும் விற்கும்போதும் கையை விட்டுப் போகும் செலவு எவ்வளவு, பணம் தேவைப்படும் நாளில் அதை வாங்க ஆள் இருப்பாரா என்னும் கேள்விகளுக்கு விடை தெரியாத வரையில் அந்த விலையேற்றத்துக்குப் பொருளே இல்லை.

உரிமையை அறிய மக்கள் பெரிதும் நம்பியிருப்பது வில்லங்கச் சான்று. ஒரு சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவான கிரயம், அடமானம், தானம் முதலியவற்றைப் பட்டியலிடும் அச்சான்று, பதிவுக்கு வராத உயிலையோ, வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையையோ, இறந்துபோன உரிமையாளரின் வாரிசுகள் எத்தனை பேர் என்பதையோ காட்டாது. பூர்வீகச் சொத்துகளில் பெரும்பாலான வழக்குகள் முளைப்பது இந்த இடைவெளியில்தான். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-இலேயே பங்கு வழங்கியது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அதை மணமான மகள்களுக்கும் விரிவாக்கியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்கும் பூர்வீக நிலத்தை வாங்குபவர், சகோதரிகளின் கையெழுத்தோ அவர்கள் பதிவு செய்து கொடுத்த விடுதலைப் பத்திரமோ இல்லாமல் பணத்தைக் கொடுப்பது, தம் சேமிப்பைப் பணயம் வைப்பதோடு ஒரு பெண்ணின் நியாயமான பங்கை மறுப்பதற்குத் துணைபோவதும் ஆகும்.

பட்டா இருக்கிறதே என்று அமைதி கொள்வதும் போதாது. வருவாய்த்துறை ஆவணமான பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. அதனுடன் தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை உரிமை கைமாறிய சங்கிலி அறுபடாமல் இருப்பதைப் பார்க்க வேண்டும். புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம், ஆங்கிலேயர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஆகியவை விளைநிலம் போலவே தோற்றமளிக்கும் என்பதால், கிராம நிர்வாக அலுவலகத்திலுள்ள ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் ஒப்பிடுவது இன்றியமையாதது. பொது அதிகார ஆவணம், அதாவது பவர் பத்திரம், தானாக உரிமையை மாற்றித் தராது என 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகவர் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது, அதிகாரம் அளித்தவர் உயிருடன் இருக்கிறாரா, அந்த அதிகாரம் ரத்தாகவில்லையா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற விளம்பரம் இன்னும் பலரை ஏமாற்றுகிறது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை; சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின், பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் தேவை. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, அத்தகைய மனைகளை வைத்திருந்தோர் விற்க வழியின்றித் தவித்தனர். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகே அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது.

அடுக்குமாடி வீட்டில் கவனிக்க வேண்டியவை வேறு. கட்டடம் காலப்போக்கில் மதிப்பிழக்க, நிலத்தின் மதிப்பே ஏறுவதால், பத்திரத்தில் எழுதப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்பதே நீண்டகால முதலீட்டாளருக்கு முக்கியம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடனோ அமையும் திட்டம், ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கட்டுமான நிறுவனத்துக்கு உரிமையில்லை.

இனி, அனுபவசாலிகளும் தவறவிடும் கணக்குக்கு வருவோம். 30 லட்சம் ரூபாய்க்கு வாங்கும் மனைக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 2.70 லட்சம் ஆகிறது. ஐந்தாண்டுகள் கழித்து அது 42 லட்சத்துக்கு விற்றால், 40 சதவீதம் ஏறியதாக உறவினர் வியப்பர். தரகு ஒரு சதவீதம் என்று கொண்டு 42,000 ரூபாயைக் கழித்தால் ஆதாயம் 8.88 லட்சம்; 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கான 12.5 சதவீத மூலதன ஆதாய வரியும் அதன் மீதான 4 சதவீத கூடுதல் தீர்வையும் சேர்ந்து ஏறத்தாழ 1.15 லட்சத்தை எடுத்துக்கொள்ளும். எஞ்சும் 7.73 லட்சம், முதலிட்ட 32.70 லட்சத்துக்கு ஆண்டுக்கு 4.3 சதவீத வளர்ச்சியே. வேலி, பராமரிப்பு, கடன் வட்டி ஆகியவை இதில் சேரவில்லை. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தை விற்கும் இந்தியவாழ் தனிநபர், பணவீக்கச் சரிக்கட்டலுடன் கூடிய 20 சதவீத முறையில் வரி குறைவாக வந்தால் அதன் பலனைப் பெறலாம் என்பதால், இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வாடகையை நம்பி வாங்குவோரின் கணக்கும் இத்தகையதே. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை வந்தாலும் ஆண்டு வருவாய் 3 சதவீதம்தான். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் அதையும் குறைக்கும். இத்தகைய வீட்டை வங்கிக் கடனில் வாங்கினால், வட்டிக்கும் வாடகைக்கும் இடையிலான பள்ளத்தை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து நிரப்ப வேண்டியிருக்கும். மேலும், அவசரச் செலவுக்கு மனையில் ஒரு மூலையை மட்டும் விற்க இயலாது. மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேண்டிய பணத்தைத் தனியே ஒதுக்காமல், இருப்பதையெல்லாம் நிலத்தில் போட்டவர்கள், அடிமாட்டு விலைக்கு விற்க நேர்வது இதனாலேயே.

முன்பணம் கொடுப்பதற்கு முன், எல்லாப் பத்திரங்களின் நகல்களையும் பெற்று, விற்பவரோ தரகரோ பரிந்துரைக்காத ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எழுத்துவழிக் கருத்துரை பெறுங்கள். நகல் தரத் தயங்குபவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.