இழுவை வீட்டின் ரயரும் காற்றும்

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறைக் காலங்களில் நெடுஞ்சாலை வழியே செல்வோர், மோட்டார் வண்டிகளின் பின்னே சிறு வீடுகள் பூட்டப்பட்டு ஓடுவதைக் காண்பர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி யாவும் அமைந்த இவ்விழுவை வீட்டின் பாரத்தில், முன்வண்டியின் கொளுவியில் தங்கும் சிறு பங்கு நீங்க, எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் நான்கு ரயர்களின் மேலேயே தங்குகின்றது. விரைந்து ஓடுகையில் ஒன்று வெடித்தால், கிழிந்த இறப்பர் வீட்டின் அடித்தளத்தையும் அதன்கீழ்ச் செல்லும் எரிவாயுக் குழாயையும் அடித்து உடைத்துவிடக் கூடும்.

பாரத்தைத் தாங்குவதிற் பெரும்பங்கு இறப்பருக்கு உரியதன்று. அதனுள் அடைபட்ட காற்றுக்கே உரியது. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர், சில்லின் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மிஞ்சி வளைந்து நிமிரும். கம்பியொன்றைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது சுடுவதுபோல, ரயரும் உள்ளிருந்தே சூடேறித் தளரும். காற்று மிகுந்து வெடித்ததென்று பலர் கருதும் ரயர், பெரும்பாலும் காற்றுக் குறைந்து வெந்து அழிந்ததேயாகும்.

இழுவை வீட்டுக்கு வேறோர் இடரும் உண்டு. அடுத்தடுத்துள்ள அதன் இரண்டு அச்சுகளும் திசை திரும்ப மாட்டா. ஆகவே, வளைவுகளில் ரயர்கள் பக்கவாட்டில் இழுபடும். அதைத் தாங்குதற்கு விறைப்பான பக்கச்சுவர் வேண்டும். மனிதர் அமர்ந்து செல்லும் வண்டிக்குரிய மென்மையான ஓட்டம் இங்கு வேண்டப்படுவதன்று.

'எஸ்.ரி.' எனப்படும் இழுவண்டி ரயர்களுள் பெரிதும் வழங்கும் 225/75 ஆர் 15 என்னும் அளவை எடுத்துக்கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அமுக்கத்தில் அது 2,150 இறாத்தல் பாரம் சுமக்கும், 65இல் 2,540, அதற்கென உறுதியாகச் செய்யப்பட்ட வகையாயின், 80இல் 2,830. பக்கச்சுவரிற் பொறித்த எண், அந்த ரயரின் உச்சப் பாரத்துக்கு வேண்டிய காற்றையே குறிக்கின்றது.

பாரம் அவ்வெல்லையை அண்டியிருப்பின் பொறித்த எண்ணளவு காற்றடிப்பதே தக்கது. இலேசான வீட்டுக்கு மிக உறுதியான ரயர் பூட்டியவர் 80 வரை அடித்தால், ரயரின் நடுப்பகுதி தேயும்; அலுமாரிப் பாத்திரங்களும் குலுங்கி உடையும். அத்தகையோர் பயணத்துக்குரிய பொருள்கள் யாவற்றையும் ஏற்றியபின், லொறித் தரிப்பிடங்களிலுள்ள தராசில் நிறுத்துப் பார்த்தல் நன்று. சமையற்பகுதி ஒரு பக்கமாக அமைந்த வீட்டில் அப்பக்கம் கனத்திருக்கும். கனத்த பக்கத்துக்கு வேண்டிய காற்றையே, சற்று மிகையாக, எல்லா ரயர்களுக்கும் அடிக்க வேண்டும். வீட்டின் தகட்டில் செய்தோர் குறித்த அளவுக்குக் கீழே இறங்குதல் ஆகாது.

இவ்வெண்கள் யாவும் குளிர்ந்த ரயருக்குரியவை. பரன்ஹைற் 90 பாகை வெப்பமுள்ள மாலையில் 65 இறாத்தல் அடித்த ரயரில், 40 பாகையாகக் குளிர்ந்த விடியலில் ஏறக்குறைய 7 இறாத்தல் குறைந்திருக்கும். ஆதலின், புறப்படுமுன், வெயில் படுமுன் அளத்தல் வேண்டும். ஓடிச் சூடேறிய ரயரில் அமுக்கம் உயர்வது இயல்பு. அதுகண்டு அஞ்சிக் காற்றைத் திறந்துவிடுவோர், பின்னர் குறைந்த காற்றுடனேயே ஓடுவர்.

80 இறாத்தலுக்குரிய ரயரைப் பழைய சில்லிற் பூட்டுவோர், சில்லும் அவ்வளவுக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண இறப்பர் வால்வு 65 இறாத்தல் வரைக்குமே ஏற்றது. அதற்கு மேல் உலோக வால்வு வேண்டும்.