‘மாத்திரம்’ என்னும் ஒரு சொல்

பாவியானவன் தன் நற்கிரியைகளினாலன்று, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தினாலேயே தேவனுக்கு முன்பாக நீதிமானாக எண்ணப்படுகிறான் என்பது சுவிசேஷ சபைகளின் மூலோபதேசம். 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் பாஷையில் வெளியிட்ட லூத்தர், ரோமர் 3:28-ல் கிரேக்க மூலத்தில் இல்லாத ‘மாத்திரம்’ என்னுஞ் சொல்லைச் சேர்த்தார். கண்டனம் எழவே, பவுலின் கருத்தும் ஜெர்மன் பாஷையின் இயல்பும் அதனை வேண்டுகின்றன என்று 1530-ல் உத்தரம் எழுதினார்.

அங்ஙனமாயின், விசுவாசம் மாத்திரம் போதாதென்று யாக்கோபு 2:24 கூறுவதேன்? இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கின்றனர். பவுல் காட்டுவது, பிள்ளையற்ற முதிர்வயதில் அவர் வாக்குத்தத்தத்தை நம்பிய ஆதியாகமம் 15-ஆம் அதிகாரம். யாக்கோபோ, பின்பு பிறந்த ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22-ஆம் அதிகாரத்தைக் காட்டி, முந்தின விசுவாசம் அதிற் பூரணப்பட்டதென்கிறார். முன்னது வேர், பின்னது கனி. கனியைக் கொடுத்து வேரை வாங்குவாரில்லை. என்றும் கனியாத மரத்தின் வேரில் உயிருண்டென நம்புவாருமில்லை. மார்க்குகளைக் கொண்டே வகுப்பேறிப் பழகிய கலாசாலை மாணாக்கர்க்கு இவ்வரிசை எளிதில் மனத்திற்கேறுவதில்லை!

இவ்வுபதேசத்தைக் குறித்த கூட்டறிக்கையில் லுத்தரன் உலக சம்மேளனத்தாரும் ரோமன் கத்தோலிக்க சபையாரும் 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரிற் கையொப்பமிட்டனர். அதன் பிற்சேர்க்கையில் ‘விசுவாசத்தினால் மாத்திரம்’ என்னுந் தொடரும் இடம்பெற்றது.