பிரேக்கை அரிக்கும் ஈரம்

மழைக்காலத்தில் ஜாடியில் உள்ள உப்பு நீர்விட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம். இதே குணமுடைய ஒரு திரவம் மோட்டார் சைக்கிளின் பிரேக்கிலும் இருக்கிறது.

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், பிரேக் மிதியின் அருகே ஒரு சிறிய உருளை இருக்கும். அதுவே மாஸ்டர் சிலிண்டர். பெரும்பாலும் இது அலுமினியக் கலவையால் ஆனது. மிதியை அழுத்தினால் ஒரு கோல் அதனுள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைத் திரவம் சக்கரத்திற்குக் கொண்டு செல்கிறது. பாஸ்கல் விதியை நினைவுகூருங்கள். இங்குள்ள பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., சக்கரத்தருகே உள்ளதன் பரப்பு 5 சதுர செ.மீ. என்றால், விசை 5 மடங்காகும்.

‘பிரேக் ஆயில்’ என்று நாம் சொன்னாலும் இது எண்ணெய் அன்று. பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகைச் சேர்மங்கள். ரப்பர் குழாயின் வழியாகவும் மூடியின் வழியாகவும் நுழையும் ஈரத்தை இது சிறிது சிறிதாக உறிஞ்சுகிறது. புதிய ‘டாட் 4’ திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நீர் ஏறிய பிறகோ 155 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது தரவிதி. சூட்டில் திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். ஆவி அமுங்கக் கூடியது. எனவே மிதி இறங்கும், வண்டி நிற்காது!

அரிமானம் மற்றொரு கேடு. அரிப்பைத் தடுக்கத் திரவத்தில் சேர்த்துள்ள பொருள்கள் நாளடைவில் தீர்ந்துவிடும். பிறகு சிலிண்டரின் சுவரில் குழிகள் விழும். அவற்றின்மீது உராயும் ரப்பர் வளையம் கிழிந்து திரவம் கசியும். அரிப்பில் உண்டாகும் பொடி, திரவம் திரும்பிச் செல்லும் நுண்துளையை அடைத்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் நீரை உறிஞ்சாத திரவத்தையே பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். சிலிகோன் திரவம் அத்தகையதுதான். ஆனால் உள்ளே புகுந்த நீர் அதில் கலக்காமல் தாழ்வான இடத்தில் தேங்கி, அங்கேயே அரிக்கும். வேறு வகைத் திரவத்திற்கென அமைந்த வண்டியில் அதை ஊற்றவும் கூடாது.

வெளியிலிருந்தும் ஆபத்து உண்டு. பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு இந்தச் சிலிண்டரின்மீது படும். கோல் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் நீர் புகுந்து, உள்ளிருக்கும் எஃகு வளையம் துருப்பிடிக்கும், பிஸ்டனும் இறுகிவிடும்.

தடுக்கும் வழி எளிது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற வேண்டும். ஈரம் கிலோமீட்டரைப் பார்த்து வருவதில்லை! மூடி திறந்து நெடுநாளான புட்டியிலிருந்து ஊற்றக் கூடாது. கிழிந்த உறையை மாற்றி, ரப்பருக்கு ஏற்ற சிலிகோன் கிரீஸைத் தடவ வேண்டும். பெட்ரோலும் சாதாரண கிரீஸும் ரப்பரை ஊதச் செய்யும். இவை மெக்கானிக்கின் வேலைகள்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் இத்தகைய வண்டி இருந்தால், திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று இன்றே கேளுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.