60 வயதில் வேட்டை லைசென்ஸ்... ஜப்பானின் ‘தாத்தா’ வேட்டைக்காரர்களுக்கு என்ன சிக்கல்?

ரிட்டையர் ஆனதும் என்ன செய்யலாம்? தோட்டம் போடலாம், பேரப்பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வரலாம். ஜப்பானின் மலைக் கிராமங்களில் இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. வேட்டை உரிமம் எடுப்பது!

2025-ல் ஜப்பானில் கரடி தாக்கி 13 பேர் உயிரிழந்தார்கள். நிலைமை கைமீறிப் போய், நவம்பரில் அகிதா மாகாணத்துக்கு ராணுவத்தையே அனுப்ப வேண்டி வந்தது. ஆனால், வந்த வீரர்கள் கரடியைச் சுடவில்லை. கூண்டுப் பொறிகளைத் தூக்கி வைப்பது போன்ற உதவிகளை மட்டுமே செய்தார்கள். சுடும் பொறுப்பு பெரும்பாலும் உள்ளூர் வேட்டைக்காரர்கள் தலையில்தான். அவர்களில் பலர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

அந்த வயதில் ஒருவர் புதிதாக லைசென்ஸ் எடுக்க முடியுமா? எடுத்தால் என்னென்ன செய்யலாம், எது முடியாது? பார்க்கலாம்.

ஏன் வேட்டைக்காரர்கள் தேவை?

இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்குக்காக வேட்டையாட யாருக்கும் உரிமம் கிடையாது. ஜப்பானில் அப்படி இல்லை. சட்டம் அனுமதித்த 46 வகைப் பறவைகள், விலங்குகளை, உரிமம் உள்ளவர்கள் சீசனில் வேட்டையாடலாம். பெரும்பாலான இடங்களில் நவம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை சீசன். வடக்கே ஹொக்கைடோ தீவில் அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.

ஆனால் இன்று அங்கே வேட்டை வெறும் பொழுதுபோக்கு அல்ல. மான், காட்டுப்பன்றி, குரங்கு போன்றவற்றால் ஆண்டுக்கு சுமார் 1,600 கோடி யென் மதிப்புள்ள பயிர்கள் நாசமாகின்றன. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டதால் கிராமங்களைச் சுற்றியுள்ள வயல்களும் தோப்புகளும் புதர் மண்டிக் கிடக்கின்றன. காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் முன்பிருந்த இடைவெளி மறைந்து போச்சு. மலையில் பீச், ஓக் மரங்கள் சரியாகக் காய்க்காத வருஷங்களில் கரடிகள் நேராக ஊருக்குள் இறங்கிவிடுகின்றன.

விலங்குகள் இப்படி நெருங்கி வரும் நேரத்தில் வேட்டைக்காரர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1975-ல் சுமார் 5 லட்சத்து 18 ஆயிரம் பேரிடம் உரிமம் இருந்தது. இப்போது அது சுமார் 2 லட்சம்தான். அதிலும் 10 பேரில் 6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள்.

லைசென்ஸ் எடுப்பது கஷ்டமா?

உண்மையில் இந்தப் பகுதி அவ்வளவு கஷ்டமில்லை. வயதுக்கு உச்சவரம்பும் கிடையாது. உரிமத்தில் நான்கு வகை: வலை, பொறி, வெடிமருந்துத் துப்பாக்கி, ஏர்கன். வலைக்கும் பொறிக்கும் 18 வயது, துப்பாக்கிக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். தேர்வை மாகாண நிர்வாகம் நடத்துகிறது. ஒரு வகைக்குக் கட்டணம் 5,200 யென்.

தேர்வில் மூன்று கட்டங்கள்:

* எழுத்துத் தேர்வு: 30 கேள்விகள். 70 சதவீதம் எடுத்தால் பாஸ்.
* உடல் தகுதி: கண், காது, கை கால் அசைவு. துப்பாக்கிக்குக் கூடுதல் பார்வைத் திறன் தேவை.
* செய்முறை: எதிரே படத்தில் தெரியும் விலங்கு வேட்டையாடலாமா, கூடாதா என்று உடனே சொல்ல வேண்டும். துப்பாக்கி உரிமம் என்றால் பொம்மைத் துப்பாக்கியைப் பிரித்து மாட்டிக் காட்ட வேண்டும். ஒரு பொருள் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே கணிக்கவும் வேண்டும்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். உரிமம் மட்டும் போதாது. ஒவ்வொரு சீசனுக்கும், எந்த மாகாணத்தில் வேட்டையாடப் போகிறார்களோ அங்கே பதிவு செய்து வரியும் கட்டணும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு வரி 16,500 யென், பொறிக்கு 8,200 யென். யாருக்காவது விபத்து நேர்ந்தால் 3 கோடி யென் வரை ஈடுகட்ட முடியும் என்பதற்கான காப்பீடோ சொத்துச் சான்றோ காட்ட வேண்டும்.

வயதானவர்கள் பொறியைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

காரணம் எளிது. பொறி உரிமம் எடுக்க போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டியதில்லை. தன் வயல் ஓரத்தில் ஒரு கூண்டையோ, கால் மாட்டும் கம்பிக் கண்ணியையோ வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பயிரைக் காப்பாற்ற நினைக்கும் 60 வயது விவசாயிக்கு இது தோதான வழி. துப்பாக்கி உரிமங்கள் சரிந்த காலத்திலும் பொறி உரிமங்கள் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. பொறியைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். சிக்கிய பன்றியோ மானோ சும்மா நிற்காது. அதைக் கொல்வதும், மலைச்சரிவிலிருந்து இழுத்து வருவதும் வயதான உடம்புக்குப் பெரிய பாடு. முக்கியமான விஷயம், சாதாரண உரிமத்தை வைத்துக்கொண்டு கரடிக்குப் பொறி வைக்கவே முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

சரி, துப்பாக்கி?

இங்கேதான் உண்மையான மலையேற்றம். வேட்டை உரிமம் வேறு, துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி வேறு. இரண்டாவதை போலீஸ் வழியாகத்தான் வாங்க முடியும்.

முதலில் ஒருநாள் வகுப்பு. அதன் முடிவில் 50 கேள்விகள், 45 சரியாக இருந்தால்தான் பாஸ். அடுத்து சுடும் பயிற்சி, அதிலும் ஒரு தேர்வு. மனநலம் பற்றி மருத்துவர் சான்று தர வேண்டும். குடும்பத்தினரிடமும் அக்கம்பக்கத்தினரிடமும் போலீஸ் விசாரிக்கும். ஆள் குடிப்பாரா, சண்டைக்காரரா, கடன் தொல்லை உண்டா என்பதெல்லாம் அலசப்படும். வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதி. வீட்டில் அதைப் பூட்டி வைக்க ஒரு லாக்கர், தோட்டாக்களுக்கு வேறொரு லாக்கர். வருஷா வருஷம் போலீஸிடம் கொண்டுபோய்க் காட்டியும் ஆகணும்.

இவ்வளவையும் தாண்டினால் கிடைப்பது ஷாட்கன்தான். ரைஃபிள் வேண்டுமா? பொதுவாக, ஷாட்கன் அனுமதியைத் தொடர்ந்து 10 ஆண்டுகள் வைத்திருந்திருக்க வேண்டும். தொழில்முறை வேட்டைக்காரர்கள், பயிர்ச்சேதத்தைத் தடுக்க ரைஃபிள் அவசியம் என்று நிரூபிப்பவர்கள் போன்றோருக்கு மட்டும் விலக்கு உண்டு.

தாமதமாக வருபவருக்கு இது ஏன் சிக்கல்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வயதில் ஓய்வு பெற்று, 61-ல் ஷாட்கன் வாங்குகிறார் ஒருவர். வழக்கமான வழியில் ரைஃபிள் கைக்கு வரும்போது அவருக்கு 71 வயது. 75 வயதானதும், அனுமதியைப் புதுப்பிக்க நினைவாற்றல், அறிவாற்றல் சோதனைக்கு உட்பட வேண்டும்.

கரடி விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரியது. ஷாட்கனில் போடும் ஒற்றைக் குண்டை சுமார் 50 மீட்டர் வரைதான் நம்ப முடியும். காயம்பட்ட கரடி அந்தத் தூரத்தைச் சில விநாடிகளில் கடந்து வந்துவிடும். ரைஃபிள் இருந்தால் பல மடங்கு தள்ளி நின்று சுடலாம்.

முன்பு இடையில் ஒரு வழி இருந்தது. குழலின் பாதி நீளம் வரை மட்டும் உள்வரி வெட்டப்பட்ட ‘ஹாஃப் ரைஃபிள்’ வாங்க 10 ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. 2023 மே மாதம் நகானோ மாகாணத்தில் 2 போலீஸார் உட்பட 4 பேர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு சட்டம் இறுகியது. 2025 மார்ச் முதல் அதற்கும் ரைஃபிள் விதிதான். ஹொக்கைடோ வேட்டைக்காரர்கள் கடுமையாக எதிர்த்ததால், மான், கரடித் தொல்லை உள்ள பகுதிகளுக்குச் சில தளர்வுகள் தரப்பட்டன.

உயிரைப் பணயம் வைத்தால் என்ன கிடைக்கிறது?

2024-ல் ஹொக்கைடோவின் நயே என்ற சிற்றூரில், கரடி விரட்டும் பணிக்கு நாளுக்கு 8,500 யென், துப்பாக்கியால் சுட்டால் 10,300 யென் தருவதாக நிர்வாகம் சொன்னது. நம்ம கணக்கில் 5,000 ரூபாயை ஒட்டிய தொகை. இந்தக் காசுக்கு உயிரைக் கொடுக்க முடியாது என்று உள்ளூர் வேட்டைக்காரர்கள் சங்கம் மறுத்துவிட்டது.

பணத்தைவிடப் பெரிய பயம் சட்டம். அதே தீவின் சுனகாவா நகரில் 2018-ல் நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் கரடியைச் சுட்டார் ஒரு முதியவர். குண்டு வீடுகளை நோக்கிப் பாய்ந்திருக்கலாம் என்று சொல்லி அவருடைய துப்பாக்கி அனுமதியை அதிகாரிகள் ரத்து செய்தார்கள். 2021-ல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024-ல் உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘உதவி செய்யப் போய் நம்ம துப்பாக்கியும் பறிபோனால்?’ என்ற கேள்வி நாடு முழுக்க வேட்டைக்காரர்களிடம் எழுந்தது.

அரசு என்ன செய்தது?

2025 செப்டம்பர் 1 முதல் ‘அவசரச் சுடுதல்’ விதி அமலுக்கு வந்தது. கரடி குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்து, வேறு வழியும் இல்லாமல், மக்கள் மேல் குண்டு படாது என்பது உறுதியானால், நகரத் தலைவரே சுடச் சொல்லலாம். கட்டடங்களுக்குச் சேதம் வந்தால் ஈடு தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. நவம்பரில் அகிதா, இவாதே மாகாணங்களில் போலீஸாரையும் ரைஃபிளுடன் களம் இறக்கினார்கள்.

ஆனாலும் காட்டையும் கரடியின் போக்கையும் அறிந்த ஆட்களை ஓர் உத்தரவில் உருவாக்கிவிட முடியாது. 60 வயதில் பொறி உரிமம் எடுப்பவர் தன் வயலை நிச்சயம் காப்பாற்றுவார். ஊருக்குள் வரும் கரடிக்கு ரைஃபிள் ஏந்திய ஆள் வேண்டுமென்றால் கணக்கே வேறு. 2025-ல் அந்த ஊருக்குத் தேவைப்பட்டவர், 2015-லேயே தன் முதல் ஷாட்கனை வாங்கியிருக்க வேண்டும்.