பழவேற்காட்டில் ராத்திரி தங்கப் போறீங்களா? குடில் பிடிக்கும் முன் இதை கவனிங்க!

பழவேற்காடு: குளிர்காலத்தில் பூநாரை பார்க்க குடும்பத்தோடு பழவேற்காடு வரும் பலருக்கு, ஏரிக்கரையில் ஒரு குடில் பிடித்து ராத்திரி தங்கலாமே என்று ஆசை. ஆனால் இது மீனவர் பகுதி. ஊட்டி மாதிரி தெருவுக்குத் தெரு லாட்ஜ் கிடையாது.

எனவே கிளம்பும் முன்பே போன் போட்டு இடத்தை உறுதி செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் காலையில் வந்து சாயங்காலம் திரும்பி விடலாம்.

குடில் கிடைத்தால் முதலில் தரையைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான இடத்தில் தண்ணீர் தேங்கும். கரையை ஒட்டி இருப்பதை விட மேடான இடமே நல்லது. ஏரித் தண்ணீர் உப்பு. குடிதண்ணீர் உண்டா, கழிவறை, கொசுவலை இருக்கிறதா என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

முக்கியமானது படகு. 2011 டிசம்பர் 25-ந்தேதி இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். லைப் ஜாக்கெட்டும் இல்லை. அதன்பிறகு சுற்றுலா படகு சவாரிக்கு தடை போடப்பட்டது.

'ரூமோட சேர்த்து படகும் ஏற்பாடு பண்றேன்' என்று யாராவது சொன்னால், அந்த ரூமே வேண்டாம். பேன் ஓடாத குடிலில் ஒரு ராத்திரி தூக்கம்தான் போகும். படகில் போவது உயிராச்சே!