கலப்பை பிடித்த கணித மேதை

கண்டாவளைப் பகுதியில் வயலும் வரம்புமே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் பல, ஒரு தலைமுறைக்கோ இரு தலைமுறைக்கோ முன்னர் வேற்றூரிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவை. அக்குடும்பத்து மாணவர் சிலர், தந்தையின் தொழில் யாதெனக் கேட்டால் 'கமம்' என்று சொல்லக் கூசுவதை நாம் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு நாம் சொல்லும் கதை தலிப் சிங் சௌந்தினுடையது.

1899இல் பஞ்சாபின் சஜ்ஜல்வாடிக் கிராமத்திற் பிறந்த சௌந்த், 1920இல் அமெரிக்கா சென்றார். பழங்களைப் பதனிடும் கலையைக் கற்று ஊர் திரும்புவதே அவர் நோக்கம். ஆயினும் கணிதம் அவரை ஈர்த்தது. 1924இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் எங்கே போனார்? இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி பறிப்போருக்கு மேற்பார்வையாளராக! அது கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த பாலைநிலம். கொலராடோ ஆற்று நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து விளைநிலமாக்கியிருந்தனர். இரணைமடு நீரை நம்பி விதைப்போருக்கு அந்நிலத்தின் இயல்பை நாம் விளக்கவேண்டியதில்லை. பின்னர் சௌந்த் தாமே பயிர் செய்தார். விலை வீழ்ந்தது, கடன் ஏறிற்று, உழைத்தே அடைத்தார்.

கடனினும் கொடியது சட்டம். இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவரென 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அத்தகையோர் விளைநிலத்துக்கு உரிமையாளராதலைக் கலிபோர்னியச் சட்டம் தடுத்தது. உழலாம், அறுக்கலாம், 'என் காணி' என்று மட்டும் சொல்லலாகாது! சௌந்தும் அவர்போன்றோரும் இடையறாது வாதாடினர். 1946இல் சட்டம் திருந்தியது. 1949 டிசம்பரில் அவர் குடிமகனானார்.

மறு ஆண்டே வெஸ்ட்மோர்லாந்து ஊரின் நீதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். தேர்தல் நாளில் குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லையெனப் பதவியை மறுத்தனர். சில வாரங்களே குறை! அவர் சோர்ந்தாரல்லர், 1952இல் மீண்டும் நின்று வென்று நீதிபதியானார்.

1956இல் காங்கிரஸ் சபைத் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர், ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்த முதற் பெண்மணியான ஜாக்குலின் காக்ரன். விமான வீராங்கனையை உழவர் வென்றார். ஆசியாவிற் பிறந்தவர் ஒருவர் வாக்குரிமையுடன் அச்சபையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. 1957இல் பிறந்த கிராமத்துக்கும் சென்றுவந்தார். புறப்பட்டு முப்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

1962இல் பாரிசவாதம் அவரை வீழ்த்தியது. அவ்வாண்டுத் தேர்தலிலும் தோல்வியுற்றார், 1973இல் மறைந்தார். 2005இல் கலிபோர்னியாவின் தெமெக்குலா நகர்த் தபாற் கந்தோருக்கு அவர் பெயரைச் சூட்டினர்.