வண்டியில் இடமில்லை என்று மலையடிவாரத்தில் விட்டுப் போகாதீர்கள்

பணி ஓய்வு பெற்றதும் வேன் ஒன்றைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியோடு மாற்றிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றக் கிளம்புகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களைவிட அதிகம், சித்தூரிலோ திருப்பதியிலோ முற்றம் வைத்த தனி வீட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு அறை ஃபிளாட்டுக்கோ, பிள்ளைகள் இருக்கும் சென்னைக்கோ போகிறவர்கள். பீரோவும் கட்டிலும் யாருக்கு என்பது ஒரு மாதம் முன்பே முடிவாகிவிடும். நாய்க்கு மட்டும், லாரி வாசலில் வந்து நிற்கும்போதுதான் யோசனை பிறக்கும்.

“அலிபிரிப் பக்கம் விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கான பேர் வந்து போகிற இடம், பசி இருக்காது, பெருமாள் பார்த்துக்கொள்வார்.” இப்படிச் சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஆனால் திருமலைக்கு நடந்து ஏறும் பாதை தொடங்கும் அலிபிரியைத் தாண்டினால் சேஷாசலக் காடு. 2023 ஆகஸ்டில் அந்த நடைபாதையில் பெற்றோருடன் ஏறிய ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகுதான் சிறுவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது, நடந்து ஏறுகிறவர்கள் கையில் தடி கொடுக்கப்பட்டது. சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. அங்கே ஒரு நாயை விடுவது, சிறுத்தையைப் படிக்கட்டுக்கு அருகே அழைப்பதும் ஆகும்.

ஊருக்குள் விட்டாலும் கதை பெரிதாக மாறாது. ஒவ்வொரு தெருவுக்கும் ஏற்கெனவே நாய்கள் உண்டு. புதிதாக வந்ததை அவை கடித்துத் துரத்தும். வீட்டில் தட்டில் சோறு தின்று வளர்ந்த நாய்க்குக் குப்பையைக் கிளறத் தெரியாது. விட்ட இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும், வீட்டுக் காரின் நிறத்தில் எந்த வண்டி வந்தாலும் எழுந்து பின்னால் ஓடும். அப்படி ஓடித்தான் பல நாய்கள் அடிபடுகின்றன. ரயில் நிலையம், பேருந்து நிலையம் போன்ற இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், திரும்ப அங்கே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. நீங்கள் விட்டுப் போனதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சட்டமும் இதைக் குற்றம் என்கிறது. பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11(1)(i) பிரிவின்படி தண்டனைக்குரியது. முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அறுபது ஆண்டு கடந்தும் இந்தத் தொகை மாறாமல் கிடப்பது வெட்கக்கேடு. கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை கிடைக்கும்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே வீடு தேடத் தொடங்குங்கள். நாய் ஏற்கெனவே அறிந்த உறவினர், பால்காரர், பக்கத்துத் தெருக்காரர் முதலில். முன்பின் தெரியாதவர் “சும்மா கொடுங்கள்” என்று ஆவலாகக் கேட்டால் யோசியுங்கள். பெட்டை நாயை வாங்கிக் குட்டி போட வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கருத்தடை செய்து கொடுப்பதே அதற்குக் காப்பு. தடுப்பூசிப் புத்தகம், தின்னும் உணவு, பயப்படும் சத்தம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். “வா”, “உட்கார்” என்று கேட்டு வளர்ந்த நாய் தெலுங்கு பேசும் வீட்டுக்குப் போகிறதென்றால், அந்தச் சொற்களையும் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு வாரம் போய்வந்து பழக்குங்கள். பத்து வயது தாண்டிய நாய் இடமாற்றத்தைத் தாங்குவது கடினம். அதைக் கூட வைத்துக்கொள்ள வழி பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அதற்கு வழியும் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை முடிவெடுத்தாலும் வளர்ப்புப் பிராணிக்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை விட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2021இல் அத்தகைய சங்க விதிகள் செல்லாது என்றது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது வேறு விஷயம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ரயிலில் முதல் வகுப்பில் கூப்பையோ கேபினையோ முழுதாகப் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பார்சல் அலுவலகம் வழியாக கார்டு பெட்டியில் ஏற்ற வேண்டும். பயணத்துக்குத் தகுதியானது, தொற்று நோய் இல்லை என்ற கால்நடை மருத்துவரின் சான்று தேவை. திருப்பதியில் 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கேளுங்கள். வேனில் போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தரிசன வரிசை எத்தனை மணி நேரம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் பூட்டிய வண்டியில், ஜன்னலை விரற்கடை திறந்து வைத்தாலும், நாய் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். தரிசன நாளில் அதைக் கீழே ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு ஏறுங்கள்.

நம் நாட்டுக் கிளியோ நட்சத்திர ஆமையோ வீட்டில் இருந்தால் காட்டிலோ கோயில் குளத்திலோ விட வேண்டாம். இவை பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள், வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

யாராவது நாயை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்தால் வண்டி எண், நேரம், இடம் தெரியும்படி படம் எடுங்கள். அடிபட்ட பிராணிக்கு 1962 என்ற உதவி எண்ணை அழையுங்கள். கைவிடுதல் காவல் துறை நேரடியாக வழக்குப் பதியும் குற்றங்களில் சேராது என்பதால், “எஃப்ஐஆர் போட முடியாது” என்று நிலையத்தில் சொல்லலாம். புகாரைப் பதிவேட்டில் எழுதி, நகல் கொடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பச் சொல்லுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு அதற்குத்தான். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்கு தொடரப்பட வேண்டும், தாமதித்தால் போயிற்று. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி தனி மாவட்டம். திருமலை, அலிபிரிச் சம்பவங்களைச் சித்தூருக்கு எழுதி நாளை வீணாக்காதீர்கள்.